உபரிக் குழாய்

மகள் இறந்த பிறகு வசுமதியும் கதிரேசனும் பேசிக்கொள்வதில்லை. உறவினர்கள்தான் வற்புறுத்தி அந்தக் கடற்கரை விடுதிக்கு அனுப்பிவைத்தார்கள். கடலுக்கடியில் யாரும் பேச முடியாது என்பதால் இருவருமே ஸ்கூபா டைவிங்குக்குச் சம்மதித்தார்கள். பயிற்சியாளன் ரெமிஜியஸ் படகிலேயே சைகைகளைச் சொல்லிக்கொடுத்தான். கழுத்தை அறுப்பதுபோல் கையால் காட்டினால் காற்று தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே துணையாக வருபவர் தன் சிலிண்டரின் உபரிக் குழாயைக் கொடுத்து, ஆளைப் பிடித்தபடியே மேலே கூட்டிவர வேண்டும்.

பவளப்பாறைகளின் நடுவே மஞ்சள் மீன்கள் விலகி வழிவிட்டபோது, கதிரேசன் அவள் பக்கம் திரும்பிக் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினான். வசுமதி அவன் இடுப்பருகே தொங்கிய, சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் மீட்டரைக் கையிலெடுத்துப் பார்த்தாள். பிறகு தன் உபரிக் குழாயை அவன் வாயில் வைத்து, அவன் தோள்பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரே சிலிண்டரின் காற்றைச் சுவாசித்தபடி இருவரும் மெல்ல மேலே வந்தார்கள்.

பின்னாலேயே வந்த ரெமிஜியஸ் மீட்டரைப் பார்த்துப் பதறினான். “என்ன மேடம், சாரோட சிலிண்டர்ல காத்து அப்படியே இருக்கே!”

“தெரியும்,” என்றாள் வசுமதி. “பாத்துட்டுத்தான் குடுத்தேன்.”

கடலுக்கு மேலே காற்று தாராளமாக வீசிக்கொண்டிருந்தது. கதிரேசன் அவளுடைய குழாயை இன்னும் வாயிலிருந்து எடுக்கவில்லை.