புதுக்கட்டை

"இஞ்சேருங்கோ, நேற்று இதில ஆமியின்ர சோதனைக் கட்டை இல்லையே!"

சைக்கிள் பாரில் இருந்தபடி பூரணி கணவன் ஆனந்தராசாவிடம் முணுமுணுத்தாள். நெருக்கியடித்து நின்ற சனத்துக்கு மேலால், துறைமுக வீதியை மறித்து விழுந்திருந்த அந்தக் கட்டை மட்டும்தான் தெரிந்தது.

எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். அடையாள அட்டைகள் வெளியே வந்தன. ஆனந்தராசா தன் பொக்கற்றைத் தடவினான். முகம் வெளிறிப்போனது.

"மற்றச் சேட்டுக்குள்ள விட்டிட்டன்."

"ஐயோ! அட்டையில்லாமல் பிடிபட்ட வீரக்குட்டி அண்ணன் இன்னும் வீடு வரேல்லை. வாங்கோ, திரும்பிப் போவம்."

"திரும்பினால் சுடுவாங்கள். பேசாமல் நில்."

பின்னால் பஸ் ஒன்று வந்து ஒட்டி நின்றது. இனி நினைத்தாலும் திரும்ப ஏலாது.

முன்னால் நின்ற கிழவர் தலையைத் திருப்பினார். "தம்பி, அட்டையைக் கையில எடும். தேடவிட்டால் அடிப்பாங்கள்."

பூரணி கணவனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

திடீரென்று நிலம் அதிர்ந்தது. கூவிக்கொண்டு வந்த கோச்சி ஒன்று, பெட்டிகளை இழுத்தபடி வீதியைக் குறுக்கறுத்துப் போனது.

ஆனந்தராசாவுக்கு மூச்சு வந்தது. "சீ! இது ரயில் கடவைக் கட்டையடி. தண்டவாளத்தைத் திருத்தினவங்கள் புதுசாய்ப் பூட்டியிருக்கிறாங்கள்."

கட்டை தானாகவே மேலே எழும்பியது. அங்கே ஒரு காவலாளிகூட இல்லை. வீதி திறந்து கிடந்தது.

ஒருவரும் நகரவில்லை. பஸ்காரன்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. அட்டையை நீட்டியபடி, யாராவது "போ" என்று சொல்லும்வரை எல்லாரும் காத்து நின்றார்கள்.