மஞ்சள் பூசிய நாலு

எக்செல் தாள் ஒன்றில் நாலு என்ற எண் மட்டும் மஞ்சளாக இருந்தது. அதற்கு மேலே முப்பத்தொன்று, கீழே இருபத்தெட்டு. மெர்சி புது உரம் போட்டு வளர்த்த கத்திரிச் செடிகளின் உயரங்கள் அவை.

ஒரு மதியம், தாளைப் புள்ளியியல் மென்பொருளுக்கு அனுப்ப மெர்சி தயார் செய்தாள். எண்கள் ஒவ்வொன்றாகக் கட்டம் விட்டு எழும்பி, பனிமூட்டத்துக்குள் தெரிந்த மென்பொருளின் வாசலை நோக்கி மிதந்தன.

வாசல் நாலை நிறுத்தியது. "நிறத்தையெல்லாம் வெளியில விட்டுட்டு வா. உள்ள எண்ணும் எழுத்தும்தான்."

"மஞ்சள் இல்லேன்னா உரம் சரியில்ல, செடி வளரலேன்னு முடிவு கட்டிடுவாங்களே!"

"வேற என்னதான் ஆச்சு?"

"ஆடு மேஞ்சிடுச்சு."

"எங்கயாவது எழுதியிருக்கா?"

நாலு தன் மஞ்சளைப் பார்த்துக்கொண்டது.

அந்த நேரம் மெர்சியின் விரலும் தயங்கி நின்றது. தாளின் ஓரத்தில் 'ஆடு மேய்ந்ததா?' என்று புதிதாக ஒரு நெடுவரிசை தொடங்கினாள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டாள். நாலுக்கு மட்டும் 'ஆம்'.

மஞ்சள் மகரந்தம்போல உதிர்ந்தது. 'ஆம்' கையைப் பிடித்துக்கொண்டு நாலு உள்ளே நுழைந்தது.

முன்னால் போன முப்பத்தொன்று திரும்பிப் பார்த்தது.

"ஆடா மேஞ்சுது? பக்கத்துலயே இருந்தும் தெரியாமப் போச்சே! நீ அழகுக்குப் பூசியிருக்கேன்னு நெனச்சு, இத்தனை நாளா பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்."