வெள்ளையா, சிவப்பா?

"ஏனுங்கப்பா, சீட்டுக் கெடைச்சுப்போச்சுங்க! மதுரையிலீங்க! டாக்டருக்குப் படிக்கிறதுக்குங்க!"

தபால்காரர் கொடுத்த உறையை உயர்த்திப் பிடித்தபடி, மஞ்சள் வயலின் வரப்பில் ஓடிவந்தாள் நாச்சியம்மாள். மடை திருப்பிக்கொண்டிருந்த அவளுடைய தந்தை பொங்கியண்ணன், மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நெசமாவா கண்ணு? மூணாங் கிளாசுக்கெல்லாம் கெடைக்காதுன்னு ஊரே சொல்லுச்சே!"

"மொதல்ல கூப்பிடலீங்க. யாரோ வேண்டாம்னுட்டாங்களாம், அந்த எடம் எனக்கு வந்திருக்குதுங்க. திங்கக்கெழமைக்குள்ள போய்ச் சேரோணும். இல்லீனா அடுத்தவங்களுக்குக் குடுத்துப்போடுவாங்களாமுங்க!"

பி.எஸ்ஸி. இறுதியாண்டில் பாதி நாட்களை நோயுற்ற தாயின் கட்டிலருகே கழித்தவள் நாச்சியம்மாள். தாயும் பிழைக்கவில்லை, தேர்விலும் மூன்றாம் வகுப்புத்தான் கிடைத்தது. சென்னையில் நடைபெற்ற நேர்முகத் தேர்வில், "இந்த மதிப்பெண்களை வைத்துக்கொண்டு எந்தத் தைரியத்தில் வந்தாய், அம்மா?" என்றே கேட்டுவிட்டார்கள். வேறு பதில் தோன்றாமல், பசுவின் வயிற்றுக்குள் குறுக்கே கிடந்த கன்றைத் தன் கையாலேயே திருப்பி வெளியே எடுத்த நிகழ்ச்சியை அவள் விவரித்தாள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்கள். அதன் பயன்தான் இந்த உறை போலும்.

இருவரும் வீட்டை அடைந்தபோது, பொங்கியண்ணனின் தங்கை முத்தாத்தாள் வந்திருந்தார். செய்தியைக் கேட்டதும் அவருடைய முகம் மாறியது.

"நல்லாயிருக்குதுங்கண்ணா கூத்து! மூணாங் கிளாசு டாக்டர்கிட்ட எவன் வருவான்? ரெயில்ல மூணாங் கிளாசுல போறவன்தான் வருவான்!"

"வரட்டுமுங்க அத்தை. அவங்களுக்குத்தானுங்க டாக்டரே இல்லை" என்றாள் நாச்சியம்மாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"பேச்சைப் பாருங்க! அண்ணா, நான் சொல்றதக் கேளுங்க. படிச்சது போதும். இந்த மாசமே என்ற பையன் பாலுசாமிக்கு இவளைக் கட்டிக் குடுத்துப்போடுங்க. அவனுக்குப் பருத்தி மண்டி நல்லா ஓடுது. வயசுக்கு வந்த புள்ளைய மதுரைக்கு அனுப்பிப்போட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா யாருங்க பதில் சொல்றது?"

பொங்கியண்ணன் மகளைப் பார்த்தார், தங்கையையும் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் புடிபடலை அம்மணி. நாளைக்குக் காலையில கோயிலுக்குப் போயிப் பூக் கேட்டுப்போடலாம். சாமி சொன்னாச் செரி."

குலதெய்வத்திடம் பூக் கேட்டுவிட்டால் அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சே கிடையாது. வெள்ளைப் பூ ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் தனித்தனியே இலையில் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் குலுக்கிப் போடுவார்கள். கேட்பவர் தம் கேள்வியை வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் நினைத்துக்கொள்வார். எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ இருந்தால் தெய்வம் சம்மதித்தது என்று பொருள்; சிவப்பு இருந்தால் மறுத்துவிட்டது என்று பொருள்.

"பொட்டலம் நான் கட்டறனுங்கண்ணா. இந்த ஊட்டுல பொறந்தவ நாந்தானுங்களே!" என்றார் முத்தாத்தாள். அது அவருடைய உரிமையே ஆதலால், எவரும் மறுத்துப் பேசவில்லை.

நாச்சியம்மாள் நம்பிக்கையோடு இரவே பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். மறுநாள் பொழுது புலர்ந்ததும் மூவரும் கோயிலில் நின்றார்கள். பூசாரி சுப்பையன் பொட்டலங்களை இரு கைகளுக்குள்ளும் குலுக்கி, அம்மனின் காலடியில் போட்டார். பொங்கியண்ணன் கண்களை மூடிக் கைகூப்பி நின்றார். உதடுகள்கூட அசையவில்லை.

"கேட்டாச்சுங்களா?" என்று வினவினார் பூசாரி.

"ஆச்சுங்க. கண்ணு, நீயே எடு. உன்ற கையாலயே வரட்டும்."

நாச்சியம்மாள் குனிந்தாள். இடப்புறப் பொட்டலத்தைத் தொட்டாள், கையை இழுத்துக்கொண்டாள். வலப்புறத்துக்குப் போனாள். 'அம்மா தாயே, வெள்ளை! வெள்ளை!' என்று மனத்துக்குள் கூவியபடி, மீண்டும் இடப்புறத்துக்கே வந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பூசாரி நாரை அவிழ்த்தார். இலைக்குள் செக்கச் செவேல் என்று ஓர் அரளிப்பூ இருந்தது.

நாச்சியம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களாண்ணா! நான் சொன்னா எடுபடாது. சாமியே சொல்லிப்போட்டுது!" என்று முத்தாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆமாம் அம்மணி, வேண்டாமுன்னு சொல்லிப்போட்டுது" என்றார் பொங்கியண்ணன்.

"அப்புறமென்னுங்க? கட்டி வெச்ச பொட்டியை அவுக்கச் சொல்லுங்க."

"எதுக்கு அவுக்கறது? நாளைக்கு ஈரோட்டுல ரெயிலேறோணுமே! 'என்ற தங்கச்சி சொல்ற மாதிரி, படிப்பை நிறுத்திப்போட்டு இவளைப் பாலுசாமிக்குக் கட்டிக் குடுக்கட்டுமா தாயே?'ன்னுதான் நான் கேட்டேன். அம்மன் வேண்டாங்குது!"

"அப்பா!" என்று நாச்சியம்மாள் கூவிய கூவலில் கோயில் புறாக்கள் படபடவென்று பறந்தன.

"இது செரியில்லீங்கண்ணா! இன்னொருக்காக் கேளுங்க!" என்று பதறினார் முத்தாத்தாள்.

"கேட்டாப் போச்சு. பூசாரி, அதே ரெண்டு பொட்டலத்தையும் திரும்பக் குலுக்கிப் போடுங்க."

முத்தாத்தாள் திரும்பிப் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார். எத்தனை முறை குலுக்கினாலும் சிவப்பைத் தவிர வேறெதுவும் வராது என்பது, இரண்டிலுமே செவ்வரளியை வைத்துக் கட்டியிருந்த அவர் ஒருவருக்குத்தானே தெரியும்!