கையை எடுக்கும்வரை

எழிலரசியின் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்தபடி, பாடி மேம்பாலத்தின் இறக்கத்தில் மண்டியிட்டிருந்தான் அழகேசன்.

அவள் பெயர் அலுவலக அட்டையில் இருந்தது. ஸ்கூட்டரும் வார் மாட்டாத ஹெல்மெட்டும் பத்தடி தள்ளிக் கிடந்தன. இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் காரைத் திருப்பி இடித்தவன் அவன்தான்.

எஞ்சினை அணைத்து, நான்கு இண்டிகேட்டர்களையும் மினுக்கவிட்டு, 108-க்குச் சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரே காரிலிருந்து ஓடிவந்து குனிந்திருந்தான். கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பயிற்சியில் பழகிய வரிசை அது. கூட்டம் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதனால்தான் ஓட்டியவன் அவன் என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

"சாவிய எட்த்துகினு எஸ்கேப் ஆய்ட்டான் மாமே! கைல மாட்டட்டும், உரிச்சிடலாம்." காருக்குள் எட்டிப் பார்த்த ஒருவன் கத்தினான்.

சாவி அழகேசனின் சட்டைப்பையில் இருந்தது.

'நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் இழுப்பார்கள். இழுத்தால் கை விடுபடும்.

கழுத்தில் ஏழு எலும்புகள், அடுக்கிய வளையல்கள் மாதிரி. நடுவே மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை. ஒரு வளையல் உடைந்திருந்தால், தலை கொஞ்சம் திரும்பினாலும் உடைந்த முனை கற்றையை அறுத்துவிடும். அப்புறம் கை இல்லை, கால் இல்லை. சில சமயம் மூச்சும் இல்லை.

ஒரு பெரியவர் சோடா கொண்டுவந்தார்.

"குடிக்கணும்னா தலையத் தூக்கணும் சார். தூக்கக் கூடாது" என்றான். அவளிடம், "ஆட்டாதம்மா. கேக்குதுன்னா கண்ண மட்டும் சிமிட்டு."

சிமிட்டினாள். அதன் பிறகு பார்வை அவன் முகத்தை விட்டு நகரவே இல்லை.

"நல்லவேளை, நீ இருந்தியே அண்ணாத்தே." யாரோ தோளில் தட்டினார்கள். அந்தத் தட்டு உள்ளங்கைவரை போய்விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டான்.

பதினாலாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து இறங்கிய பெண் ஊழியர் கழுத்துப்பட்டையைச் சுற்றி இறுக்கினார். "இனி விடலாம் சார்."

அழகேசன் கையை எடுத்தான். இப்போது சொல்லலாம். திரும்பி நடந்தால் ஒருவரும் தடுக்க மாட்டார்கள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த எழிலரசி அந்த ஊழியரைக் கண்ணால் அருகே அழைத்தாள். கூட்டத்துக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அக்கா, இவரையும் ஏத்திக்கோங்க. இங்க உட்டுட்டுப் போனா அடிச்சே கொன்னுடுவாங்க. இடிச்சது இவருதான்."