அடக்கமான தரகர்

பங்குத் தரகர் அலுவலகத்துக்கு யார் புதிதாக வந்தாலும், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தையல்காரர் பேச்சுக் கொடுப்பார்.

"கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க. என் பொண்ணு கல்யாணமே ஐயா புண்ணியத்துலதான் நடந்துச்சு."

வந்தவர்கள் உள்ளே போய் அதைச் சொன்னால், தரகர் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். 'என்ன அடக்கம்!' என்று அவர்கள் சொக்கிப்போவார்கள்.

சந்தை தலைகுப்புற விழுந்த அன்று தையல்காரர் உள்ளே ஓடி வந்தார்.

"ஐயா, நான் போட்டது தேறுமா?"

"நீங்க எப்போ போட்டீங்க?"

"போன மாசம், உங்க கிளார்க்கிட்ட. பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்ததுங்க."

தரகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, நான் எழுதிக் குடுத்த வசனத்தைத்தானே தினமும் சொன்னீங்க? அதுக்குத்தானே சம்பளம்?"

"ஆமாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு."

தரகரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வெளியே புதுசா ஒருத்தர் வந்திருக்காருங்க," என்றார் தையல்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போய்ப் பேசட்டுமா?"