கமாண்ட் நாட் ஃபவுண்ட்

ரோகிணி மறுபடியும் எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்தாள். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று மறுபடியும் சொன்னது அந்தப் பழைய லேப்டாப்.

யூஎஸ்பியில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டுகிற கமாண்ட் அது. போன மாதம் லினக்ஸைப் புதிதாக ஏற்றியபோது எப்படியோ அது மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

பீரோவின் அடித்தட்டில் கிடந்த, சிம் போட்டு நெட் எடுக்கிற பழைய நெட் செட்டரைக் காலையில்தான் கண்டெடுத்துச் செருகினாள். லேப்டாப் அதைக் கண்டுகொண்டதா என்று தெரிய அந்தக் கமாண்ட் வேண்டும். கமாண்டை இறக்க நெட் வேண்டும். நெட் வர வேண்டுமானால் நெட் செட்டர் வேலை செய்ய வேண்டும்.

நன்றாகத்தான் வந்து வாய்த்திருக்கிறது. கதவுக்கு வெளியே தாழ் போட்டவர்களாவது மனிதர்கள், கத்தலாம், கெஞ்சலாம். இதனிடம் எதைச் சொல்லி அழுவது?

நாளைக் காலை சமயநல்லூரிலிருந்து மாமன் வீட்டார் பூ வைக்க வருகிறார்கள். தலையில் பூ ஏறிவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது.

மாமன் மகனைக் கட்ட மாட்டேன் என்று அவள் சொன்ன அன்றே அப்பா சிவனாண்டி அறையைத் தாழிட்டுவிட்டார். போனைப் பிடுங்கியது அண்ணன் ஜெயபாண்டி. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடுங்கினான். அதை மட்டும் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

வைஃபை செத்துப்போன லேப்டாப்தானே என்று இதை விட்டுவைத்தார்கள்.

மதுரையில் இருக்கும் ஃபர்ஹாவுக்கு ஒரு வரி போனால் போதும். கல்லூரித் தோழி; அவள் அம்மா வக்கீல். இருட்டுவதற்குள் ஆட்களோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அந்த ஒரு வரி போகத்தான் வழியில்லை.

மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்று, அறை வெந்தது.

தாழ் விலகியது. காவலுக்கு உட்கார்ந்திருந்த ஜெயபாண்டிதான். கையில் போனும் ஒயரும்.

"போன்ல சார்ஜே இல்ல பாப்பா. கரண்டு வார வரைக்கும் ஒன் டப்பால சொருகிக்கிறேன்."

என்ன நெஞ்சழுத்தம்! அவள் போனைப் பிடுங்கிக்கொண்டவனுக்கு அவளுடைய பேட்டரியும் வேண்டியிருக்கிறது.

அவள் முகத்தைப் பார்க்காமலே செருகினான். செருகிய பிறகும் போனைக் கொஞ்சம் நோண்டிக்கொண்டிருந்தான். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே போய்த் தாழ் போட்டான்.

ரோகிணி அதைத் தொடவில்லை. பூட்டின் எண் தெரியாத போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நடக்காது என்று தெரிந்தே, விட்டுப்போன கமாண்டை இறக்கச் சொல்லி அடித்து, என்டரைக் குத்தினாள். காலையிலிருந்து நெட் இல்லை, நெட் இல்லை என்று கையை விரித்த திரைதான்.

இந்த முறை வரி வரியாக ஓடியது. இறங்கியது, ஏறியது, முடிந்தது.

நெட் செட்டரைப் பார்த்தாள். அதில் விளக்குகூட எரியவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். நெட் அப்படியே இருந்தது.

கவிழ்ந்து கிடந்த அண்ணன் போனை மெல்லத் திருப்பினாள். பூட்டிய திரையில், ஒயர் வழியாக லேப்டாப்புக்கு நெட் போவதைக் காட்டும் குறி; மூலையில், சார்ஜ் தொண்ணூற்றாறு.

எல்எஸ்யூஎஸ்பி வந்துவிட்டது. அதை அடித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அழுதுகொண்டே ஃபர்ஹாவுக்கு மெயிலைத் திறந்தாள்.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். ஒரு ஆளிடம் பேசணும், உன் போன் எங்கேடா என்று அப்பா கேட்டார்.

"கூட்டாளி காளை வீட்டு இன்வெட்டர்ல சார்ஜ் போட்ருக்கேன்ப்பா," என்றான் ஜெயபாண்டி. "ஏற நேரமாகும்."