இன்குபேட்டரை நூத்துப் போடும்

"இன்குபேட்டரை நூத்துப் போடும், தாரிணி. இனி அதுகளை வைச்சிருந்து பிரயோசனமில்லை."

சொல்லிவிட்டு இராசரத்தினம் நாற்காலியில் சரிந்தார். யாழ்ப்பாணத்தார் எதையும் அணைப்பதில்லை, நூர்ப்பார்கள். விளக்கானாலும் சரி, வாழ்நாள் உழைப்பானாலும் சரி.

உள்ளே கிடந்தவை குழந்தைகள் அல்ல. வெந்நீர் ஊற்றில் அள்ளி வந்த பாக்டீரியாக்கள். எழுபது டிகிரிச் சூட்டில்தான் அவற்றுக்குக் குளிரே விடும். அவற்றுக்குள் ஒரு புது ஜீனை நுழைக்கப் பார்த்தே, ஈஸ்ட் டாமாக்கியின் இந்தச் சின்ன ஆய்வுகூடத்தில் அவர் பாதித் தலைமுடியைக் கொட்டியிருந்தார். ஜீன் ஒட்டினால் சோதனைக் குழாய் நீலமாகும். ஒருநாளும் ஆகவில்லை.

"விசா இல்லாத ஆளைப் பிடிச்ச மாதிரி, புதுசா எது போனாலும் வெட்டிக் கொத்தி வெளியில எறியுதுகள். திங்களோட கூடத்தைப் பூட்டச் சொல்லிப்போட்டினம்."

உதவியாளர் தாரிணியின் சொந்த விசாவே இந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கரூர்க்காரி, சொன்னதைச் செய்துவிட்டுத்தான் அழுவாள். பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தாங்குமா சார்?"

"நான் தாங்கேல்லையோ? அதுகளும் தாங்கும். நீர் செய்யும்."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஒருமுறை அல்ல, பலமுறை. அணைப்பதற்கு இத்தனை அழுத்தலா என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை.

சனி, ஞாயிறு இரண்டும் எப்சம் வீட்டு சோபாவில் கழிந்தன. மனைவி சோபனா தேத்தண்ணி நீட்டினால் "ஆறட்டும்" என்றார், ஆறியதும் குடிக்கவில்லை.

திங்கள் காலை சாவியை ஒப்படைக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேசையில் குழாய்கள். அத்தனையும் நீலம்.

"வெட்டிப்போடுற என்சைம் வெந்து செத்துப்போச்சு சார்!" தாரிணி குதித்தாள். "பாக்டீரியா சாகல. ஜீன் ஜம்முனு உக்காந்துடுச்சு!"

இராசரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"எழுபதுக்கு மேல நான் ஒருநாளும் போகேல்லை. உமக்கு எப்பிடிப் பிள்ளை உந்த யோசனை வந்தது?"

தாரிணி விழித்தாள்.

"நீங்கதானே சார், நூத்துல போடச் சொன்னீங்க?"